தோளில் மட்டும் படும் அம்புகள்

அக்காவின் பெயரை இங்கே எழுதமாட்டேன். எழுதினால், மடுவிலிருந்து திரும்பி வந்ததும் என் காதைப் பிடித்துத் திருகிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். ஏற்கெனவே என் இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் நீளம். அதுவும் அவர் கைவேலைதான்.

எனக்கு மீசை முளைத்த புதிது. ஐந்தாம் வகுப்போடு நான் பள்ளிக்கூடத்தைக் கைவிட்டேனா, பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டதா என்பதில் இன்றைக்கும் இரண்டு அபிப்பிராயம் உண்டு. பேசாலைக் கரையில் சூசைச் சம்மாட்டியின் வாடியில் கிழிந்த வலை பொத்தப் போனேன். சம்மாட்டிக்கு மூன்று வள்ளம், அவற்றுக்கு வேண்டிய வலை, ஒரு இருமல், ஊருக்கே போதுமான வாய். வலை பொத்துவது கைக்குத்தான் வேலை. வாய் சும்மா இருக்கும். சும்மா இருக்கிற வாயெல்லாம் ஒரே ஓலைக் கொட்டிலுக்குள் இருந்தால் சண்டை வராமல் என்ன செய்யும்? நாளுக்கு ஒரு சண்டையை விலக்குப் பிடித்துக் களைத்த சம்மாட்டி, காதுக்கு ஒரு வேலை கொடுத்தால் வாய் அடங்கும் என்று கண்டுபிடித்து அக்காவைக் கூட்டிவந்தார்.

அக்கா மன்னார் டவுனில் கொன்வென்ட்டில் படித்தவர். நாற்பதை எட்டிப் பிடிக்கிற வயது. கலியாணம் முடிக்கவில்லை. ஏன் என்று நான் ஒருமுறை கேட்டதற்கு, "முடிச்சால் உன்னை மாதிரி ஒண்டு பிறந்திடுமெண்ட பயம்தான்" என்றார். வள்ளங்கள் வந்து மீன் ஏற்றி முடிந்த பிறகு வருவார். வாடிக்குள் ஒரே ஒரு கதிரை, அது சம்மாட்டியினது. அவர் அதை அக்காவுக்குக் கொடுத்துவிட்டு, கவிழ்த்துப்போட்ட மீன்பெட்டியில் இருப்பார். அக்கா மூக்குக்கண்ணாடியை வலைநூலால் காதோடு கட்டிக்கொண்டு, புத்தகத்தை ஒரு கை தூரத்தில் பிடித்து, உச்சி வெயில் ஏறும்வரை வாசிப்பார். கூலி, கறிக்கு மீன்.

வாசித்தது பதினோரு தீவுக் கதை. இந்தியப் புத்தகங்கள் கடைக்கு வராத காலம் அது. கடைக்கு வராததெல்லாம் எங்கள் கரைக்கு வரும். எப்படி என்று கேட்காதீர்கள், நான் அப்போது ஒன்றும் அறியாத பச்சைப்பிள்ளை. சேலைக்கட்டுக்கு நடுவில் இருந்து ஒரு பாகம் கிடைக்கும். பிறகு மாதக்கணக்கில் ஒன்றும் இல்லை. ஒரு தீவுக்கு ஒரு பாகம். இந்தத் தீவிலிருந்து ஓடிப்போன இளவரசன் அந்தத் தீவில் பிச்சைக்காரனாக வருவான். அங்கே சூனியக்காரி புதைத்த வாள் இங்கே கிணறு வெட்டும்போது வெளியே வரும். எல்லாத் தீவுக்கும் ஆட்களை ஏற்றி இறக்குகிறவன் ஒருவன்தான்: ஒற்றைக்கண் தோணிக்காரன். சம்மாட்டிக்கு ராசா, மந்திரி, பறக்கிற குதிரை ஒன்றிலும் அக்கறையில்லை. தோணிக்காரன் வந்தால் மட்டும் பெட்டியை முன்னால் இழுத்துப் போடுவார்.

"அவன் ஒருத்தன்தான் இதுக்குள்ள வேலை செய்யிறவன். மற்றதெல்லாம் சாப்பிட்டிட்டுச் சண்டை பிடிக்கிற கூட்டம்" என்பார்.

அந்தச் சண்டையிலும் ஒரு குறை இருந்தது. பிலிப்பு அண்ணைதான் முதலில் அதைச் சொன்னவர். பிலிப்பு அண்ணை எனக்குப் பக்கத்தில் இருந்து வலை பொத்துகிறவர். சண்டைக் கட்டம் என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்பார்.

"பிள்ளை, குறை நினையாதை. இந்த எழுத்தாளனுக்குச் சண்டை எழுதத் தெரியாது. அவ்வளவு அம்பு விடுறாங்கள். ஒண்டாவது நெஞ்சில பட்டுதோ? எல்லாம் தோளில. பட்டவனெல்லாம் தோளைப் பொத்திக்கொண்டு வீட்ட போறான். அடுத்த மாசம் திரும்பி வாறான்."

"குறி பாக்கத் தெரியாத ஆக்கள் போல" என்றார் அக்கா, புத்தகத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

"எல்லாத் தீவிலயுமோ?"

சம்மாட்டியின் அபிப்பிராயம் வேறு. "அம்பு கிடக்கட்டும். ஆள் கூடிப்போச்சு. இவன் ஆளைச் சேர்க்கிறான், சேர்க்கிறான், கழிக்கிறானில்லை. போன பாகத்தில அந்தப் பட்டத்துராணிக்குக் கலியாணம். பந்தியில எத்தினை பேர்! எனக்கு முதலாம் பாகத்தில இருந்து அறிமுகமான முகமெல்லாம் இருந்து சாப்பிடுது. எங்கட மாதா திருநாளுக்கும் இவ்வளவு சனம் வராது. எழுதினவனுக்கு மனசிரங்கிக் காய்ச்சல் கீய்ச்சலாவது வரப்பண்ணக் கூடாதோ?"

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். ஆனால் கண்ணாடியைக் கழற்றி, துடைக்கத் தேவையில்லாத கண்ணாடியை நெடுநேரம் துடைத்தார். நான் அதைக் கண்டேன். கிழிசலைக் காண்பதுதானே என் தொழில்.

அக்காவைப் பற்றி இன்னொன்று சொல்லவேண்டும். ஊருக்குத் தந்தி வந்தால் அது அக்காவிடம்தான் போகும். தந்தி இங்கிலிசில் வரும். இங்கிலிஸ் தெரிந்தவர்கள் ஊரில் இரண்டே பேர். மற்றவர் மாதா கோயில் சுவாமியார். சுவாமியாரிடம் கொண்டுபோனால் அவர் முகத்தைப் பார்த்தே நாலு வீடு அழத் தொடங்கிவிடும். அதனால் தந்தியைப் பிரிக்காமல் அக்காவின் வேலிப் படலைக்கு ஓடுவார்கள். நல்ல சேதி என்றால் அக்கா படலையிலிருந்தே கத்துவார்: "எடியே, மகனுக்கு வேலை கிடைச்சிட்டுதாம்!" சாவு என்றால் கத்தமாட்டார். முதலில், பூசைக்குப் போகும்போது போடுவதைப்போலச் சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போடுவார். பிறகுதான் வாசிப்பார். அக்காவின் கை தோளுக்குப் போனாலே எதிரே நிற்கிறவர்களுக்கு விளங்கிவிடும்.

தந்தியில் மட்டும் அவர் ஒரு சொல்லைக்கூட மாற்றியதில்லை. கொழும்பில் விபத்தில் போன ஒரு பொடியனின் தந்தியை வாசிக்க அவர் புறப்பட்டபோது, பொடியனின் சித்தி அக்காவின் கையைப் பிடித்துக் கெஞ்சினாள்: "தாய்க்காரி தாங்கமாட்டாள். காயம் எண்டு சொல்லுங்கோ அக்கா. பிறகு மெல்லமாச் சொல்லலாம்." அக்கா கையை விடுவித்துக்கொண்டு, தலைப்பைத் தலையில் போட்டு, இருந்ததை இருந்தபடி வாசித்தார். எனக்குக் கோபம் வந்தது. இவ்வளவு கல்நெஞ்சோ என்று நினைத்தேன்.

பிறகு ஒருநாள் அக்கா காய்ச்சலென்று வரவில்லை. புத்தகங்கள் வாடியில் இருந்தன. மற்றவர்கள் சாப்பிடப் போன நேரம், இரண்டாம் பாகத்தை எடுத்து எழுத்துக்கூட்டத் தொடங்கினேன். எனக்கு எழுத்துகள் தெரியும். ஆனால் அவை ஒன்றோடொன்று சேரச் சம்மதிக்கமாட்டா. இழுத்து இழுத்துச் சேர்த்தேன். தோணிக்காரனைத் தேடினேன், அவனுக்காகத்தான் எடுத்தது. கடைசிக்குக் கிட்ட அகப்பட்டான். புயலில் இளவரசனின் படகைத் தன் தோணியோடு கட்டி இழுத்து வருகிறான். தோணி உடைகிறது. தான் தாழ்ந்தால் இளவரசனும் தாழ்வான் என்று கண்டு, 'தோணிக்காரன் கயிற்றை அறுத்தான். அலை மூடியது. அவன் மறுபடி எழவில்லை.'

எழுத்துக்கூட்டியதில் பிழை என்று நினைத்து மறுபடி கூட்டினேன். மறுபடியும் அவன் எழவில்லை.

எங்களுக்கு அக்கா வாசித்தது அப்படியல்ல. எங்கள் தோணிக்காரன் கயிற்றை அறுத்தான், மரத்துண்டைப் பிடித்துக் கரை சேர்ந்தான், நேர்த்தி வைத்தபடி யாத்திரை போனான். "எங்க போனவன்?" என்று சம்மாட்டி கேட்டபோது அக்கா கொஞ்சம் தடுமாறி, "கோயிலுக்கு" என்றார். "அப்ப மடுவுக்குத்தான்" என்று பிலிப்பு அண்ணை முடிவுகட்டிவிட்டார். கோயிலுக்கு யாத்திரை என்றால் எங்களுக்கு மடு மாதாவை விட்டால் வேறு எந்த இடம் இருக்கிறது? அன்றிலிருந்து வாடியில் யார் வேலைக்கு வராவிட்டாலும் "மடுவுக்குப் போயிருக்கிறான்" என்பதுதான் பேச்சு.

நான் பக்கங்களைப் புரட்டினேன். நெஞ்சில் அம்பு பட்டவர்கள் வரிசையாக வந்தார்கள். பட்டத்துராணியின் கலியாணப் பந்தியில் இருந்து சாப்பிட்டவர்களில் பாதிப் பேர் இரண்டாம் பாகத்திலேயே பிணம்.

அக்கா காய்ச்சல் மாறி வந்ததும், ஆட்கள் வரமுன்னர் கேட்டேன். "அக்கா, தோணிக்காரன் செத்துப்போனான் என்ன?"

அவர் புத்தகத்தைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். "உனக்கு வாசிக்கத் தெரியுமோ?"

"சாவுக் கட்டம் மட்டும் தெரியும்."

காதைப் பிடித்தார். நான் விடவில்லை. "தந்தியில செத்தவனைக் காயமெண்டு சொல்லமாட்டியள். கதையில செத்தவனைப் பந்தியில இருத்திச் சோறு போடுறியள். இது என்ன நியாயம்?"

"எடேய் மோடையா" என்றார் அக்கா. காதை விடவில்லை, ஆனால் திருகவும் இல்லை. "தந்தியில இருக்கிறதை மாத்த ஏலாது. ஆக்கள் பஸ் ஏறோணும். பிரேதம் எடுக்கோணும், பெட்டி சொல்லோணும். மெல்லமாச் சொன்னால் பஸ் போயிடும். தோணிக்காரன் செத்ததெண்டால் ஆரடா பஸ் ஏறப்போறது?"

அக்கா காதை விட்டார், நான் வலைக்குத் திரும்பினேன்.

நான் ஒருவரிடமும் சொல்லவில்லை. நல்லவன் என்பதால் அல்ல. சொன்னால் விளையாட்டு முடிந்துவிடும். அதற்குப் பதிலாக வாசிப்பின் நடுவே பணிவாகக் கேள்வி கேட்கத் தொடங்கினேன்.

"அக்கா, தோணிக்காரன் யாத்திரை போயிட்டான், சரி. தோணியை ஆரிட்டக் குடுத்தவன்?"

"அதுதானே!" என்றார் சம்மாட்டி. "தோணியைக் கரையில விட்டிட்டு எவன் போவான்? தோணியைப் பாக்க ஒரு ஆள் வேணும்."

அக்கா கண்ணாடியை மேலே தள்ளினார். "மருமகனிட்ட" என்றார்.

"மகளுக்கு எப்ப கலியாணம் நடந்தது அக்கா? எங்களுக்குச் சொல்லவேயில்லை."

சம்மாட்டி மனம் நொந்துபோனார். "அதுவும் சரிதான். அந்த ராணியின்ர கலியாணத்துக்கு ஒரு கிழமை வாசிச்சாய். இவன்ர பெட்டைக்கு ஒரு வரி இல்லையோ? ஏழையெண்டால் எழுதினவனுக்கும் இளக்காரம்தான்."

அடுத்தநாள் அக்கா தோணிக்காரன் மகளின் கலியாணத்தை வாசித்தார். புத்தகத்தின் ஒரு பக்கமும் திரும்பாமல் இரண்டு மணித்தியாலம் நடந்த கலியாணம் அது. மாப்பிள்ளை வீட்டார் சீதனத்துக்குத் துடுப்புக் கேட்டார்கள். சம்மாட்டி மிகவும் சந்தோசப்பட்டார். "இண்டைக்குத்தான் இவன் மனுசன் மாதிரி எழுதியிருக்கிறான்" என்றார். அக்கா என்னை முறைத்த முறைப்பில் வலை எரிந்திருக்க வேண்டும்.

இப்படியே ஆறாம் பாகத்துக்கு வந்துவிட்டோம். அப்போதுதான் நானா வந்து சேர்ந்தார்.

நானா எருக்கலம்பிட்டியிலிருந்து கருவாடு வாங்க வருகிற வியாபாரி; முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். வழக்கமாகப் பின்னேரம் வந்து, சம்மாட்டியோடு ஏசுப்பட்டு விலை பேசி, தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவார். அன்று லொறி முந்திவிட்டதால் வாசிப்பு நேரத்தில் வந்தார். வாசலில் நின்று கேட்டார். முகம் மலர்ந்துவிட்டது.

"பதினோரு தீவா? ஆறாம் பாகமா? நான் ஏழாவது வரைக்கும் முடிச்சிட்டேன்."

வாடிக்கு இன்னொரு ரசிகர் கிடைத்த சந்தோசத்தில் சம்மாட்டி தன் மீன்பெட்டியிலேயே இடம் கொடுத்தார். "நல்லதாப் போச்சு நானா. ஒண்டு மட்டும் சொல்லுங்கோ. ஏழாவதிலயாவது தோணிக்காரன் திரும்பி வாறானோ?"

"எந்தத் தோணிக்காரன்?"

"ஒற்றைக்கண்ணன். மடுவுக்குப் போனவன்."

நானா சிரித்தார். "அவன் எப்பிடி மடுவுக்குப் போவான் சம்மாட்டி? அவன் ரெண்டாம் பாகத்திலயே மௌத்தாப் போயிட்டானே."

மௌத்து என்றால் சாவு என்று வாடிக்குத் தெரியும்; ஊசிகள் நின்றன. சம்மாட்டி நானாவைப் பார்த்த பார்வை, தராசில் கல் குறைத்தவனைப் பார்க்கிற பார்வை.

"அவன்ர மகளுக்குப் போன மாசம்தான் கலியாணம் நடந்தது" என்றார்.

"மகளா? அவனுக்கு மகளே இல்லையே!"

"இருக்கிறாள். சீதனத்துக்கு ரெண்டு துடுப்புக் குடுத்தவன்."

"சம்மாட்டி, கோவிக்காதீங்க. அவன் கயித்த அறுத்து மௌத்தானதாலதான் அந்த இளவரசனே திருந்துறான். அவனுக்காகத்தான் அஞ்சாம் பாகத்தில ராச்சியம் வேணாமெண்டு போறான். அவன் உசிரோட இருந்தா அஞ்சாம் பாகத்துக்குக் கருத்தே இல்லை. அதுதான் எழுதினவன்ட கெட்டித்தனம்."

"கடலில போனவனுக்குக் கருத்து என்னத்துக்கு?" சம்மாட்டியின் குரல் ஏறிவிட்டது. "எங்கட கரையில எத்தினை பேர் போயிருக்கினம். ஒருத்தன் போய் இன்னொருத்தன் திருந்தினதை நான் காணேல்லை. பெஞ்சாதி பிள்ளையள் கஞ்சிக்கு அலைஞ்சதைத்தான் கண்டனான்."

இருமல் வந்து பேச்சை மறித்தது. அந்த இருமலுக்குத்தான் அடுத்த புதன்கிழமை அவரை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுபோக இருந்தார்கள். நெஞ்சைக் கீறிப் பார்க்கவேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். அது விபூதிப் புதன். அன்றிலிருந்து நாற்பது நாள் தபசு காலம். உயிர்த்த ஞாயிறு வரைக்கும் வாடியில் கதை கிடையாது, யேசுவின் பாடுகளைச் சொல்லும் பசான் பாட்டுத்தான்.

சம்மாட்டி இருமி முடித்து, "எங்கட ரெண்டாம் பாகத்தை எடு பிள்ளை. காட்டுவம்" என்றார்.

"அது... கறையான் அரிச்சுப்போச்சு" என்றார் அக்கா. நான் எழுத்துக்கூட்டியது தெரிந்த நாளிலிருந்து அது அவர் வீட்டு அலுமாரியில் சேலைகளுக்கு அடியில் இருப்பது எனக்குத் தெரியும். கறையான் என்னைப் பார்க்காமல் மறுபக்கம் பார்த்தது.

"என்ட புத்தகம் வீட்ட இருக்கு. செவ்வாய்க்கிழமை கொண்டு வாறேன்" என்றார் நானா.

"கொண்டு வாங்கோ. ஒப்பிரேசன் தியேட்டருக்குள்ள போறதுக்கு முதல் எனக்கு இந்த ஒண்டு தெரியோணும்."

நானா லொறிக்குப் போகும்போது அக்கா பின்னால் ஓடினார். கருவாட்டுப் பாய்க்குப் பின்னால் நின்ற எனக்கு எல்லாம் கேட்டது. நான் எங்கே நின்றாலும் எல்லாம் கேட்கும்.

"நானா, புதன்கிழமை அவர் போகட்டும். சுகமா வரட்டும். பிறகு கொண்டாங்கோ. ஏற்கெனவே பயந்துபோய் இருக்கிறார். அந்தத் தோணிக்காரனைத்தான் பிடிச்சுக்கொண்டிருக்கிறார்."

நானாவுக்கு அப்போதுதான் விளங்கியது. "தங்கச்சி... நீங்களா மாத்தினது?" என்றார். பிறகு, "நான் வாக்குக் குடுத்திட்டேன். அவர் கேட்டு நான் கொண்டு வராட்டி, நான் பொய்யன். கொண்டு வந்தா, நீங்க பொய். என்னத்தச் செய்ய?" என்று லொறியில் ஏறிவிட்டார்.

செவ்வாய்க்கிழமை வாடியில் ஒருவரும் வலையைத் தொடவில்லை. நானா புத்தகத்தைப் பேப்பரில் சுற்றிக்கொண்டு வந்தார். வெல்ல வந்தவர் முகம் அப்படி இருக்காது; கடனுக்கு வந்தவர் மாதிரி வாசலில் நின்றார்.

"நானே வாசிக்கட்டா?" என்றார்.

"நீங்கள் வேண்டாம். உங்களுக்கு வெல்லோணும்." சம்மாட்டி அக்காவின் பக்கம் திரும்பினார். "பிள்ளை வாசிக்கட்டும்."

அக்கா புத்தகத்தை வாங்கினார். பக்கம் எது என்று தேடவேண்டிய அவசியம் அவருக்கு இருக்கவில்லை. கண்ணாடியை மேலே தள்ளினார். அவர் கண்ணாடியைத் தள்ளினால் யாரோ மரத்துண்டைப் பிடிக்கப்போகிறார் என்று அர்த்தம்.

சம்மாட்டியும் அதைக் கவனித்திருக்கவேண்டும்.

"பிள்ளை" என்றார் மெதுவாக. "கதை வாசிக்கிற மாதிரி வேண்டாம். தந்தி வாசிக்கிற மாதிரி வாசி."

அக்கா அவரைப் பார்த்தார். மீன்பெட்டியில், இரண்டு கையையும் முழங்காலில் ஊன்றிக்கொண்டு, அடி வாங்கத் தயாரான பிள்ளைபோல அவர் இருந்தார். வெளியே காற்றுக்கு ஓலை அடித்துக்கொண்டிருந்தது.

அக்காவின் கை தோளுக்குப் போனது. சேலைத் தலைப்பை எடுத்துத் தலையில் போட்டார்.

பிலிப்பு அண்ணை எழுந்து நின்றார். ஏனென்று தெரியாமல் நானும் எழுந்தேன். நானா தொப்பியைச் சரிசெய்தார்.

"தோணிக்காரன் கயிற்றை அறுத்தான். அலை மூடியது. அவன் மறுபடி எழவில்லை."

ஒரு சொல் கூட்டவில்லை, ஒரு சொல் குறைக்கவில்லை. வாசித்துவிட்டுப் புத்தகத்தை மூடி மடியில் வைத்தார். தலைப்பை எடுக்கவில்லை.

சம்மாட்டி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். மேலே பார்த்தபோது நானாவிடம்தான் கேட்டார். "பிறகு?"

"பிறகு அவ்வளவுதான் சம்மாட்டி. அடுத்த பக்கம் இளவரசன் கரை சேருறான்."

"தோணிக்காரன்ர உடம்பு?"

"உடம்பு..." நானா யோசித்தார். "அதப்பத்தி எழுதல்ல."

"அஞ்சாம் பாகத்தில? ஆறாம் பாகத்தில? எங்கயாவது கரை தட்டினதெண்டு கிடக்கோ?"

"இல்லை."

சம்மாட்டி பெட்டியிலிருந்து எழுந்தார். இருமல் வரவில்லை. "அப்ப என்ன கதை கதைக்கிறியள்? உடம்பு கரை சேராதவனுக்கு எங்கட கரையில உடன செத்தவீடு எடுக்கிறதோ? எடேய் பிலிப்பு, உன்ர கொப்பருக்கு எடுத்தமோ?"

"ஒரு வருசம் பாத்துத்தான் பூசை குடுத்தது" என்றார் பிலிப்பு அண்ணை.

"அதுதான்! எழுதினவன் கரையில நிண்டு பாத்திருக்கிறான். அலை மூடினது. அவன் பாத்த நேரம் ஆள் எழும்பேல்லை. இருட்டிப்போச்சு, வீட்ட போயிட்டான். பிறகு எழும்பினதை அவன் எங்க கண்டான்? பிள்ளை கண்டிருக்கிறாள். மரத்துண்டைப் பிடிச்சவன், கரை சேர்ந்தவன், மடுவுக்குப் போனவன். ரெண்டு பேரும் பொய் சொல்லேல்லை."

நானா ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஐந்தாம் பாகத்தின் கருத்தாக இருக்கவேண்டும். பிறகு சம்மாட்டியின் முகத்தைப் பார்த்தார். "உடம்பு கிடைக்கல்லதான்" என்றார். "அத நான் கவனிக்கல்ல. இவ்வளவு நாளா மடுவில என்ன செய்யிறான்?"

"மடுவில சனம் நானா. சனத்தை விலத்திக்கொண்டு வரவேண்டாமோ?"

வாடி சிரித்தது. அக்கா தலைப்பை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். மற்றவர்கள் தேத்தண்ணிக்கு எழும்பிய பிறகு சம்மாட்டி அவரிடம் குனிந்து, தன் மூன்று வள்ளத்தையும் ஒப்படைக்கிற குரலில் சொன்னார்:

"பிள்ளை, நான் வர முதல் அவனைக் கூட்டிக்கொண்டு வந்திராதை. நானும் இருக்கேக்கை வரட்டும்."

"உங்களோடதான் வருவான்" என்றார் அக்கா.

புதன்கிழமை காலை நெற்றியில் சாம்பலோடு சம்மாட்டி பஸ் ஏறினார். யன்னலுக்குள்ளால் என்னைப் பார்த்து, "எடேய், கேள்வி கேட்டுக் கேட்டு அவளின்ர சீவனை எடுக்காதை" என்றார். அப்போதுதான் எனக்குச் சந்தேகம் வந்தது, அந்தத் துடுப்புச் சீதனக் கலியாணத்தில் விளையாடியது நான் மட்டும்தானா என்று.

தபசு காலத்தில் வாடியில் பசான் பாடினோம். குருத்தோலை ஞாயிறுக்குக் கிட்டிய ஒரு காலை, பாட்டின் நடுவில் பிலிப்பு அண்ணை நிறுத்திவிட்டார். கரையோரம் அக்கா வந்துகொண்டிருந்தார். கையில் தந்தி. இன்னும் வெகுதூரம். அங்கேயே தலைப்பு தலையில் இருந்தது.

எங்களைத் தாண்டிச் சம்மாட்டியின் வீட்டுக்குப் போனார். இருந்ததை இருந்தபடி வாசித்தார். பஸ் ஏறவேண்டியவர்கள் ஏறினார்கள். அடுத்தநாள் வாகனத்தில் உடம்பு வந்தது. மாதா கோயில் மணி அடித்தது, மண் போட்டோம். அக்கா குழிக்குக் கிட்ட வரவில்லை, வேலியோடு நின்றார். நான் பக்கத்தில் போய் நின்றேன்.

"உடம்பு வந்திட்டுது என்னடா" என்றார். அவ்வளவுதான்.

உயிர்த்த ஞாயிறு கழிந்து வாடியில் வேலை தொடங்கியது. சம்மாட்டியின் மனைவி வள்ளங்களைப் பிலிப்பு அண்ணையின் பொறுப்பில் விட்டிருந்தார். கதை இனி இருக்காது என்றுதான் நினைத்தோம். அக்கா வழக்கமான நேரத்துக்கு வந்தார். கதிரையைத் தூக்கிச் சுவரோரம் வைத்துவிட்டு, தான் மீன்பெட்டியில் இருந்தார். கையில் ஏழாம் பாகம். அதைக் கொண்டுவந்து கொடுத்தது நானா. கருவாட்டுக்கு வந்ததாகச் சொல்லிக்கொண்டு அவரும் விடியவே வந்து வாசலில் குந்தியிருந்தார். எங்கள் எல்லோருக்குள்ளும் அந்தப் புத்தகத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

அக்கா வாசித்தார். ராசா வந்தார், மந்திரி வந்தார், பறக்கிற குதிரைக்குக் கால் சுகமில்லை. இரண்டாம் பக்கத்தில் நின்றார். கண்ணாடியை மேலே தள்ளினார்.

"அவ்வேளையில் தொலைவில் ஒரு தோணி தோன்றியது. கரையில் நின்றோர் வியப்புற்றனர். அதைச் செலுத்தி வந்தவன், யாத்திரை சென்ற ஒற்றைக்கண் தோணிக்காரன். தோணியின் முன்பக்கத்து அணியத்தில் ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். அவர் தோணிக்காரனை நோக்கி உரைத்தார்: 'எடேய், கயிறு பிடிக்கிற கையோ இது? விடு, நான் பிடிக்கிறன். பதினோரு தீவுக்கும் இந்தக் கையை வைச்சுக்கொண்டோ ஆள் ஏத்தினனீ?'"

அந்தக் கதையில் ராசாவிலிருந்து பிச்சைக்காரன் வரைக்கும் எல்லோரும் செந்தமிழ்தான் பேசுவார்கள். முதல்முறையாக ஒருவர் பேசாலைத் தமிழ் பேசினார். பிலிப்பு அண்ணையின் ஊசி வலைக்கண்ணுக்குள் அப்படியே நின்றது.

எல்லோரும் நானாவைத்தான் பார்த்தோம். இரண்டாம் பாகத்து மூன்று வரிக்காகப் புத்தகம் சுமந்து வந்த மனுசன் அவர். வாசலில் குந்தியிருந்தபடி கடலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தொண்டையைச் செருமினார்.

"தங்கச்சி" என்றார். "அந்தக் கிழவருக்கு இருமல் எப்பிடி?"

அக்கா பக்கத்தைத் திருப்பினார். புத்தகத்தில் விரலை வைத்து, அந்த இடத்தைத் தேடி எடுத்ததுபோலச் சொன்னார்:

"சுகம் நானா. கடல்காத்து ஒத்துக்கொண்டிருக்கு. பேசாமல் இருந்து கேளுங்கோ, இன்னும் ஆக்கள் இறங்க இருக்கினம்."